சந்திரநந்தி ஆசிரியரின் 57 நாட்கள்

காட்டாங்குளத்தூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்று, திண்டிவனத்தில் மேற்கே திரும்பினால் செஞ்சியை அடையலாம். அதன் அருகேயுள்ள திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. அக்குன்றின் பாறைக் கல்வெட்டொன்று, 57 நாட்கள் அனசன நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைக் குறிக்கிறது. மற்றொன்று, 30 நாட்கள் நோற்ற இளைய பட்டாரரைப் போற்றுகிறது.

உணவின்றி ஒருவர் 57 நாட்கள் வாழ இயலுமா என்பது இளந்தலைமுறையினர் கேட்கும் வினா. அதற்கான விடை உடலின் கொழுப்புத் திசுவில் உள்ளது. உண்ணாத முதல் நாளிலேயே கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. இன்சுலின் சுரப்பு தாழ, கொழுப்புச் செல்கள் தம் சேமிப்பைக் கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் விடுகின்றன. அவற்றிலிருந்து கல்லீரல் கீட்டோன்களை உண்டாக்குகிறது. சர்க்கரையையே பெரிதும் நம்பியிருந்த மூளை, நாளடைவில் கீட்டோன்களையே முதன்மை எரிபொருளாகக் கொள்வதை, ஜார்ஜ் கேஹில் குழுவினர் 1967இல் பாஸ்டனில் கண்டறிந்தனர். இம்மாற்றத்தால் தசைகளின் அழிவு மட்டுப்படுகிறது. நீர் அருந்திவரும் சராசரி உடல்வாகினருக்குக் கொழுப்புச் சேமிப்பு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தாங்கும். எனவே 57 என்பது புகழ்ச்சிக்காகக் கூறப்பட்ட எண்ணன்று; மனித உடலின் எல்லையை ஒட்டிய எண்.

உணவை நெடுநாள் குறைத்தாலும் உடல் சிக்கனத்தை மேற்கொள்கிறது. போரில் கொல்ல மறுத்த 36 இளைஞர்கள், பட்டினியால் வாடுவோரை மீட்கும் வழியறிய, 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆய்வுக்குத் தம்மை ஒப்படைத்தனர். ஆறு மாத அரைப்பட்டினியில் அவர்களின் எடை கால் பங்கு குறைந்தது. ஓய்வுநிலை ஆற்றற்செலவு ஏறத்தாழ 40 விழுக்காடு தாழ்ந்தது. மீண்டும் உண்டபோது தசையைவிடக் கொழுப்பே விரைந்து திரும்பியது.

சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், சல்லேகனை ஏற்பவர் திடவுணவையும் பின்னர்ப் பானங்களையும் படிப்படியாக விடுமாறு வகுத்தார். தீராப் பிணி, மூப்பு, பஞ்சம் போன்ற நிலைகளுக்கே அவ்விரதம் உரியது. பண்டிகைக்கால உபவாசமோ வாழ்பவரின் தவம். நெடிய உபவாசத்துக்குப்பின் திடீரெனப் பேருணவு கொண்டால் இரத்தத்தின் தாதுச் சமநிலை குலைந்து உயிருக்கே தீங்கு நேரலாம். ஆதலின் பாரணை சிற்றளவில் தொடங்கவேண்டும். நீரிழிவு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டே விரதம் ஏற்கவேண்டும்.

கொழுப்பின் கணக்கு, உடல் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்லும். அத்தனை நாளும் மனம் தளராதிருந்ததையே திருநாதர்குன்றின் கல் போற்றுகிறது.