ஒட்டுத்துணியில் ஒரு வரலாறு



வரலாறு எதில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டால், கல்வெட்டில், செப்பேட்டில், ஓலைச்சுவடியில் என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் பழந்துணியிலும் வரலாறு எழுதப்பட்டதுண்டு. எழுதியவர்கள் பெண்கள், அவர்கள் கையிலிருந்தது ஊசி. அப்படி எழுதப்பட்ட வரலாறு ஒன்று சிங்கப்பூரிலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோம். அதனுடன், அதே ஆண்டுகளில் ஜூரோங் போன்ற தோட்டப்புறங்களில் நம் பெண்கள் துணிக்குப் பட்ட பாட்டையும் எண்ணிப் பார்ப்போம்.

முதலில், ஒட்டுப்போர்வை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளலாம். குளிர்நாடுகளில் சில செம்மறியாடுகளை வைத்துப் பிழைக்கும் சிறு குடியானவர் வீட்டில் எதுவும் வீணாவதில்லை. பனிக்காலம் கழிந்ததும் ஆட்டு ரோமத்தைக் கத்தரித்து, அழுக்குப் போக அலசி, காயவைத்து, சிக்கெடுப்பார்கள். நல்ல ரோமம் நூலாகும். காலுறையாகவும் மேற்சட்டையாகவும் பின்னப்படும். நூலுக்கு ஆகாத ரோமத்தை இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சுபோலப் பரப்புவார்கள். அது இடம் விட்டு நகராமலிருக்க மூன்று அடுக்கையும் சேர்த்து நெருக்கமாக நூலோட்டித் தைப்பார்கள். மேல்துணிக்குப் புதுத்துணி வாங்குவதில்லை. கிழிந்த பாவாடை, பழைய சட்டை ஆகியவற்றில் நைந்து போகாத பகுதிகளை வெட்டி ஒட்டுப் போடுவார்கள். அண்டை வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து தைப்பதும் உண்டு. கை வேலை செய்ய, வாய் ஊர்க்கதை பேசும்.

இது நமக்குப் புதிதன்று. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் விரிப்புக்குக் காந்தா என்று பெயர். நம் கந்தை என்ற சொல்லுக்கு அது உறவுச் சொல். நம் தோட்டத்து லயங்களிலும் ஒரு சேலை முதலில் உடுப்பாகி, பிறகு பிள்ளைக்கு ஏணையாகி, அதன்பின் பாய்மேல் விரிப்பாகி, கடைசியில் கரித்துணியாகித்தான் முடிந்தது. ஆட்டு ரோமம் மட்டும் நமக்குத் தேவைப்படவில்லை. ஜூரோங் வெயில் அதைக் கேட்கவில்லை.

இனி 1942-ஆம் ஆண்டுக்கு வருவோம். இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த ஜூரோங், அன்று கித்தாக் காடும், அன்னாசித் தோட்டமும், இறால் குளமும், மீனவர் குடிசையுமாக இருந்தது. பூன் லே என்று இன்று வழங்கும் வட்டாரம், சியூ பூன் லே என்ற சீன வணிகரின் தோட்டமாயிருந்த இடம். 1942 பிப்ரவரி 8-ஆம் தேதி இரவு ஜப்பானியப் படை ஜோகூர் நீரிணையைக் கடந்து தீவின் வடமேற்குக் கரையில் இறங்கியது. கிராஞ்சிக்கும் ஜூரோங்குக்கும் இடையே பிரிட்டிஷார் அமைத்திருந்த காவல் வரிசை இரண்டே நாளில் குலைந்தது. பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

வெள்ளைக்காரக் குடிமக்கள் கைதிகளாயினர். ஆண்களைத் தனியாகவும், பெண்களையும் குழந்தைகளையும் தனியாகவும் பிரித்துச் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். 1936-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறை 600 பேருக்காகக் கட்டப்பட்டது. அதில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக் கிடந்தனர். நேற்றுவரை ஆயாவும் சமையற்காரரும் வைத்திருந்த துரைசாணிமார், இப்போது சிமெண்டுத் தரையில் படுத்து, அரிசிக் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். அதைவிடப் பெரிய துயரம் ஒன்றிருந்தது. போர்க்கைதிகளாகப் பிடிபட்ட கணவனும் மகனும் உயிரோடிருக்கிறார்களா என்பது தெரியாது. தாங்கள் உயிரோடிருப்பதை அவர்களுக்குச் சொல்லவும் வழியில்லை.

அந்தச் சிறையில் எத்தல் மல்வானி என்ற கனடா நாட்டுப் பெண்மணி இருந்தார். பெண்கள் முகாமில் செஞ்சிலுவைச் சங்கப் பணியைப் பார்த்து வந்தவர் அவர். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஏறத்தாழ 6 அங்குலச் சதுரத் துணி ஒன்றைக் கொடுத்து, அதில் தம்மைப் பற்றி ஏதாவதொன்றைப் பூத்தையலாகத் தைத்துத் தரச் சொன்னார். 66 சதுரங்கள் சேர்ந்தால் ஒரு போர்வை. அவ்வாறு தைத்தவற்றுள் மூன்று போர்வைகள் இன்றளவும் இருக்கின்றன.

காவலர்கள் இதை ஏன் அனுமதித்தார்கள்? போர்வைகள் காயமுற்ற படைவீரர்களுக்கு என்று சொல்லப்பட்டது. அதுவும் மூன்று தரப்பாருக்கு: பிரிட்டிஷாருக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கும் ஒன்று! ஜப்பானியப் போர்வையின் பின்புறத்தில், காயமுற்ற அந்நாட்டு வீரர்களுக்குத் தங்கள் அனுதாபத்தைத் தெரிவித்து ஒரு வாசகமும் தைத்திருந்தார்கள். இந்தச் சாமர்த்தியத்தால் மற்ற இரண்டு போர்வைகளுக்கும் வழி திறந்தது. அவற்றில் பெண்கள் தங்கள் பெயர்களைத் தைத்திருந்தார்கள். போர்வை ஆண்கள் இருந்த மருத்துவமனையைச் சேர்ந்தபோது, அந்தப் பெயர்களே கடிதமாயின. “என் மனைவி உயிரோடிருக்கிறாள்” என்பதை ஒருவன் அறிந்துகொள்ள ஒரு துண்டுத் துணி போதுமாயிருந்தது.

பூவும் கப்பலும் ஊர் வரைபடமும் அவற்றில் இருந்தன. ஒருத்தி சிறை அறையையே தைத்து, அதை விடுமுறை மாளிகை என்று கேலியாகக் குறிப்பிட்டிருந்தாள். பசியிலும் சிரிப்பு சாகவில்லை.

சிறையிலிருந்த சிறுமிகளும் சும்மா இருக்கவில்லை. எலிசபெத் என்னிஸ் என்பவர் அங்கே பெண் சாரணர் குழு ஒன்றை நடத்தினார். அவருடைய பிறந்த நாளுக்குப் பரிசாக, சிறுமிகள் அவருக்குத் தெரியாமல் அறுகோணத் துண்டுகளை ஒட்டி ஒரு போர்வை தைத்தார்கள். நூலுக்கு எங்கே போவது? பழைய உடுப்புகளிலிருந்து நூலை உருவி எடுத்தார்கள்.

சிறைச் சுவருக்கு வெளியே என்ன நடந்தது? போருக்கு முன் நமக்குத் துணி கடல் கடந்துதான் வந்தது. போர் வந்ததும் கப்பல் நின்றது, துணி நின்றது. ஜப்பான் காலத்தில் வாழைமர நோட்டு கை நிறைய இருந்தாலும் ஒரு முழத் துணி வாங்க முடியாத நிலை வந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டத்துச் சனங்கள் பலர் கோணிச் சாக்கைப் பிரித்து உடுத்தினார்கள். வங்காளத்துச் சணலில் நெய்து, அரிசி சுமந்து வந்த சாக்கு, மனிதர் மானத்தை மூடியது. இருந்த ஒரே சேலையை ஒட்டின்மேல் ஒட்டாகத் தைத்துக் காத்தார்கள்.

நூலுக்கும் கயிற்றுக்கும் அன்னாசி ஓலை உதவியது. அந்த ஓலைக்குள் உறுதியான நார் இருக்கிறது. பிலிப்பீன்ஸ் நாட்டில் கலிபோ என்னும் ஊர்ப் பெண்கள், உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் ஓலையைச் சுரண்டி முதல் நாரை எடுப்பார்கள். பிறகு தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டி மெல்லிய நாரை எடுத்து, முடிச்சிட்டு நூலாக்கி, கண்ணாடி போன்ற துணி நெய்வார்கள். இங்கே அவ்வளவு நயம் வேண்டியிருக்கவில்லை. நாரைத் திரித்தால் கயிறும் முரட்டு நூலும் கிடைத்தன. அந்த நாளில் அதுவே பெரிய உதவி.

அந்த ஆண்டுகளில்தான் சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. சாங்கிச் சிறைப் பெண்களைப் போலவே நம் பெண்களும் கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் காத்திருந்தார்கள். அவர்கள் பெயர் தைத்த போர்வை எதுவும் சயாம் காட்டுக்குப் போகவில்லை.

இன்று ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கான்பெராவிலுள்ள போர் நினைவகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் போர்வை பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், சிறுமிகளின் போர்வை லண்டன் போர் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. நம் பாட்டிமார் உடுத்திய சாக்கு எங்கே? ஒட்டுப் போட்ட சேலை எங்கே? நைந்து தீரும்வரை உடுத்தியதால் அவை மிஞ்சவில்லை. கைத்திறன் இல்லாமலா போயிற்று? அப்படியன்று. அந்தச் சேலையில் ஒரு காலம் இருந்தது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. எழுத்தறியாத பெண்ணின் பாடு ஏட்டில் ஏறவில்லை. வெட்கப்பட வேண்டிய வறுமை என்று எண்ணி அதை நாமே மறைத்தும் விட்டோம்.

தாய்மார்களே, அதில் வெட்கம் எதற்கு? சாங்கிப் பெண்கள் தைத்ததும் இல்லாமையில்தான். உலகம் அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுகிறது.

1961-இல் ஜூரோங் தொழிற்பேட்டைப் பணி தொடங்கியபோது மேடுகள் வெட்டப்பட்டன, சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டது. கித்தாக் காடு போயிற்று, லயங்கள் போயின. மிஞ்சியிருப்பது பெட்டிக்குள் கிடக்கும் சில பழந்துணிகளும், முதியோர் சிலரின் நினைவும்தான். ஜப்பான் காலத்தில் பத்து வயதாயிருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேளுங்கள். என்ன உடுத்தினீர்கள், ஊசி எங்கே கிடைத்தது, பிள்ளைக்கு ஏணை எதில் கட்டினீர்கள் என்று கேட்டு, பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

பழைய சேலையோ விரிப்போ இருந்தால் கரித்துணியாக்கிவிடாதீர்கள். வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விட்டு, சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். குண்டூசி குத்த வேண்டாம். துரு ஏறித் துணியைத் தின்னும். பூச்சி வராமலிருக்க அவ்வப்போது பிரித்துப் பாருங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பெயரில்லாத துணி வெறும் கந்தை. பெயர் எழுதி வைத்த துணி நம் பிள்ளைகளுக்கு வரலாறு.