சுடுவது நாம் என்றால், மீன் யார்?

போன் திரை முழுக்க நீலக்கடல். சின்ன மீன், பெரிய மீன், ஆமை, சுறா எல்லாம் வரிசையாக நீந்திப் போகின்றன. கீழே ஒரு பீரங்கி. தட்டினால் குண்டு பறக்கிறது. மீன் செத்தால் திரையில் காசு கொட்டுகிறது. பார்த்தால் குழந்தைகள் விளையாட்டு. ஒரே ஒரு வித்தியாசம், ஒவ்வொரு குண்டும் உங்கள் காசு.

ரோலாவில் பெட் ஸ்பேஸ் எடுத்துத் தங்கியிருக்கும் நம் பையன்களில் சிலர் இதை ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்த பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் போனிலும் இதன் விளம்பரம் வருகிறது. "இது சூதாட்டம் இல்லை, திறமை விளையாட்டு" என்பதுதான் விளம்பரத்தின் முக்கிய வாசகம். இந்த வாசகம் புதிதல்ல. மீன் விளையாட்டு பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நீதிமன்றங்களில் இதைப் பற்றிச் சண்டை நடந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கையா, அதிர்ஷ்டமா?

1942-ல் நியூயார்க் மேயர் லகார்டியா பின்பால் இயந்திரங்களைத் தடை செய்தார். போலீஸார் அவற்றைக் கைப்பற்றிச் சம்மட்டியால் உடைத்தார்கள். பந்து எங்கே போகும் என்பது ஆடுபவர் கையில் இல்லை, ஆகவே அது சூது என்பது அரசின் வாதம். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகர மன்றத்தினர் முன்னால் ஒரு பின்பால் இயந்திரத்தில் ஆடிக் காட்டினார். பந்து எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அடித்தார். சொன்ன வழியில் போனது. தடை நீங்கியது.

பல நாட்டுச் சட்டங்கள் நிற்பது இந்த ஒரு கோட்டில்தான். முடிவைத் தீர்மானிப்பது கை என்றால் விளையாட்டு, அதிர்ஷ்டம் என்றால் சூது.

நம் ஊரிலும் இதே கோடுதான். வெள்ளைக்காரர் காலத்தில் 1930-ல் மெட்ராஸ் சூதாட்டச் சட்டம் வந்தது. 1967-ல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை விளையாட்டு என்றது. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதை இறக்குவது என்று முடிவு செய்ய வேண்டும் அல்லவா, அதனால். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. ஆட்டம் நடத்தும் கிளப் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். ரம்மி கம்பெனிகள் முதல் பாதியை மட்டும் ஊருக்கெல்லாம் சொன்னார்கள். இரண்டாம் பாதியைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை.

குதிரைப் பந்தயமும் இதே வழியில்தான் வந்தது. கிண்டி பந்தயத்தை ஒழிக்க 1974-ல் கருணாநிதி அரசு சட்டம் கொண்டுவந்தது. வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்ததே என்று தீர்ப்பளித்தது.

லாட்டரியில் திறமைக்கு இடமே இல்லை. ஆனால் அதை அரசே நடத்தியது. தமிழ்நாட்டில் 1968-ல் அண்ணா ஆட்சியில் பரிசுச் சீட்டு தொடங்கியது. கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கி அழிந்த குடும்பங்களின் கதைகள் பெருகின. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. பக்கத்துக் கேரளத்தில் 1967-ல் தொடங்கிய அரசு லாட்டரி இன்றும் நடக்கிறது.

மீன் எங்கிருந்து வந்தது?

சீனாவிலும் தைவானிலும் விளையாட்டுக் கூடங்களில் பெரிய மேஜை ஒன்று இருக்கும். மேஜையின் மேற்பரப்பே திரை. சுற்றி ஆறு, எட்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பீரங்கியால் சுடுவார்கள். தைவானின் ஐஜிஎஸ் நிறுவனம் உருவாக்கிய 'ஓஷன் கிங்' இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது. 2011-ல் பெய்ஜிங் நிறுவனம் ஒன்று 'ஃபிஷிங் ஜாய்' என்ற பெயரில் இதே மாதிரி ஆட்டத்தை மொபைலுக்குக் கொண்டுவந்தது. அது பொழுதுபோக்கு ஆட்டம்தான். அந்த வடிவத்தை எடுத்து, புள்ளிக்குப் பதில் பணத்தை வைத்தவை இணைய சூதாட்டத் தளங்கள். அமெரிக்காவில் தெருமுனைக் கடைகளில் 'ஃபிஷ் டேபிள்' மேஜைகளாக வந்தது. அங்கேயும் பல மாநிலங்களில் அதே பழைய வழக்குதான்: இது திறமையா, அதிர்ஷ்டமா?

பீரங்கிக்குள் இருக்கும் கணக்கு

ரோலாவில் ஒரு தம்பி என்னிடம் கேட்டான். "அண்ணே, நீங்க சாஃப்ட்வேர்லதானே இருக்கீங்க. நல்லா குறி பார்த்துச் சுட்டா ஜெயிக்கலாம்ல?"

அவனுக்குத் தாளில் எழுதிக் காட்டியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சாதாரண வீடியோ கேமில் எதிரிக்கு உயிர் அளவு என்று ஒன்று உண்டு. பத்து அடி அடித்தால் செத்துவிடும். பணம் வைத்து ஆடும் மீன் ஆட்டங்கள் பெரும்பாலும் அப்படி வேலை செய்வதில்லை. குண்டு மீன் மேல் பட்டதும் கணினி ஒரு சீட்டுக் குலுக்கல் நடத்துகிறது. விழுந்தால் மீன் சாகும், விழாவிட்டால் நீந்திப் போகும். குறி பார்ப்பது, குண்டு மீன் மேல் படுவதற்கு மட்டும்தான். அதற்குப் பிறகு உங்கள் கைக்கு வேலை இல்லை.

ஒரு உதாரணம். குண்டுக்குப் போட்ட காசைப் போல 100 மடங்கு தரும் ஒரு சுறா. தளம் 100 ரூபாய்க்கு 95 ரூபாய் திருப்பித் தரும்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் ஒரு குண்டில் அந்தச் சுறா சாகும் வாய்ப்பு 100-ல் 0.95. சரி, 100 குண்டு சுட்டால் செத்துவிடும் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 குண்டுக்குப் பிறகும் அது உயிரோடு நீந்திப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 38 சதவீதம். 101-வது குண்டு சுடும்போது முந்தைய 100 குண்டுகளுக்கு எந்த மதிப்பும் இல்லை. "பாதி கொன்றுவிட்டேன், இன்னும் கொஞ்சம்" என்பது நம் மூளை நமக்குச் சொல்லும் பொய்.

இன்னொரு கணக்கு. குண்டுக்கு வெறும் 10 பில்ஸ். நொடிக்கு மூன்று குண்டு. நிமிடத்துக்கு 18 திர்ஹாம், மணிக்கு 1,080 திர்ஹாம் பந்தயம். அதில் 5 சதவீதம் தளத்துக்கு என்றால், சராசரியாக மணிக்கு 54 திர்ஹாம் நஷ்டம். தினமும் இரண்டு மணி நேரம் ஆடினால் மாதம் 3,240 திர்ஹாம். ரோலாவில் எத்தனை பேருக்கு இந்தச் சம்பளம் இருக்கிறது? இதுவும் தளம் நேர்மையாக 95 திருப்பித் தந்தால்தான். அங்கீகாரம் இல்லாத தளத்தில் அந்த 95-ஐ 80 ஆக மாற்ற ஒரு வரி நிரல் போதும். கேட்க ஆள் கிடையாது.

எப்போது பரிசு வரும் என்று தெரியாமல் இருந்தால் உயிரினங்கள் விடாமல் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். மீன் ஆட்டம் நம்மை அந்தப் புறாவாக்குகிறது. நடுநடுவே சின்ன மீன்கள் செத்து, சில்லறை விழுந்துகொண்டே இருப்பது இதற்காகத்தான்.

திருக்குறளில் 94-வது அதிகாரம் சூது. அதன் முதல் குறளிலேயே வள்ளுவர் மீனைத்தான் எடுத்துக்காட்டாக வைக்கிறார். சூதில் கிடைக்கும் வெற்றி, தூண்டிலில் இருக்கும் இரை என்கிறார். தோல்வியைப் பற்றி எச்சரிப்பது எளிது. அவர் எச்சரிப்பது வெற்றியைப் பற்றி. பீரங்கி நம் கையில் இருப்பதால் நாம் வேட்டைக்காரர் என்று நினைக்கிறோம். தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் குறளில் இருக்கிறது.

ரம்மியிலிருந்து மீன் வரை

கொரோனா ஊரடங்கில் வேலை போய் வீட்டில் இருந்தவர்கள் போனில் ரம்மி ஆடத் தொடங்கினார்கள். கடனில் மூழ்கிச் சிலர் உயிரையே விட்டார்கள். 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, மறுபடி சட்டம் எழுதினார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றைத் தடை செய்ய முடியாது என்றது. 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண விளையாட்டுகளுக்குத் தடை என்று விதி வந்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் இணையப் பண விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இத்தனை காலம் எல்லா வழக்குகளும் சுற்றிச் சுற்றி வந்த கோட்டையே அந்தச் சட்டம் தாண்டிவிட்டது.

இங்கே, அமீரகத்தில்

அமீரகத்தில் சூதாட்டம் குற்றம். 2023-ல் வணிக விளையாட்டுகளுக்கென்று ஒரு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்தார்கள். 2024 டிசம்பரில் அங்கீகாரம் பெற்ற லாட்டரியின் முதல் குலுக்கல் நடந்தது. ஆணையத்தின் உரிமம் உள்ளவர்கள் மட்டுமே நடத்தலாம். உரிமம் இல்லாத தளத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் ஆடுவதும் சட்டவிரோதம். வாட்ஸ்அப்பில் ஏஜென்ட் அனுப்பும் மீன் ஆட்ட இணைப்பில் பணம் போனால் புகார் கொடுக்கவே தயக்கம் வரும். ஏஜென்ட்டுக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்னொரு ஆபத்து ஐடி படித்த உங்களுக்கு. தென்கிழக்கு ஆசியாவில் இணைய சூதாட்டம் கொழித்த இடங்களில் பிறகு மோசடிக் கூடங்கள் முளைத்தன. கம்போடியா 2019-லும் பிலிப்பைன்ஸ் 2024-லும் தடையை அறிவித்தன. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம், தாய்லாந்து வேலை என்று ஆசைகாட்டி இளைஞர்களை அனுப்பும் துபாய், இந்திய ஏஜென்ட்டுகளைப் பற்றி எச்சரித்தது. அப்படி மியான்மரின் மியாவடியில் சிக்கிய தமிழ் இளைஞர்கள் 13 பேர் அடுத்த மாதம் சென்னை திரும்பினார்கள்.

உங்கள் ரூமிலோ வகுப்பிலோ யாராவது இதில் மாட்டியிருந்தால் முதலில் திட்டாதீர்கள். விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். இங்கே கடன் வழக்கானால் பயணத் தடைவரை போகலாம், அம்மாவைப் பார்க்க ஊருக்குக்கூடப் போக முடியாது. "பேங்க் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு" என்று எவன் கேட்டாலும் கொடுக்க விடாதீர்கள். எவ்வளவு போச்சு என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்ல வையுங்கள். தனியாகத் தூக்கும்போதுதான் அந்தக் கடன் ஆளைக் கொல்கிறது.