கந்தைத் துணியும் கைத்தையலும்: வடசென்னைக்கு ஒரு போர்வைக் கதை



மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் போன் செய்தார். "எல்லாரும் கேன்டீனைப் பத்தியே எழுதுறாங்க. நீங்க வரலாறு படிச்சவரு, ஏதாவது வரலாறா எழுதுங்களேன்" என்றார். யோசித்தேன். ராஜா, ராணி கதையெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் எழுத நினைத்தது துணியைப் பற்றி. அதிலும் கிழிந்த துணியைப் பற்றி. அதற்கு ஒரு காரணம் உண்டு.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தது. அடுத்த வாரம் எங்கள் செட் ஆட்கள் சிலர் ஒரு வேன் பிடித்தோம். தெருத் தெருவாகப் பழைய துணி சேகரித்து மூட்டை கட்டிக் காசிமேட்டுப் பக்கம் கொண்டுபோனோம். பெரிய தர்மம் செய்கிற நினைப்பு. அங்கே ஒரு வயதான அம்மா மூட்டையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார். பொத்தான் இரண்டு இல்லை, கக்கத்தில் கிழிசல். அதை அழகாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "தப்பா நெனைக்காத தம்பி. வூடுதான் போச்சு. நாங்க கந்தல் கட்டுனவங்க இல்ல" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? அந்தச் சில வாரங்களில் தமிழகக் கடற்கரை ஓரங்களில் எல்லாம் யாரும் எடுக்காத துணிகள் குவியல் குவியலாகக் கிடந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அதில் எங்கள் மூட்டையும் ஒன்று.

அன்று இரவு எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. ராயபுரத்தில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஒரு விரிப்பு போகும். அதைத் தைத்ததும் கந்தல் துணியில்தான். ஆனால் அதை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. அதே கந்தல், ஒன்று அவமானம், இன்னொன்று சீர். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கட்டுரை அதைத் தேடிப் போனதுதான்.

துணிக்காகப் பிறந்த ஊர்

முதலில் நம்ம ஏரியா. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1639-இல் இந்த மணல் கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் துணி. கப்பல் நிற்க வசதியான துறைமுகம் இங்கே கிடையாது. ஆனால் பருத்தித் துணி மலிவாகவும் தரமாகவும் கிடைத்தது. துணி கிடைத்தால் போதுமா? அதை வெளுக்க வேண்டும், சாயம் ஏற்ற வேண்டும், சித்திரம் எழுத வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும். கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரில் நெசவாளர்களுக்காக ஒரு குடியிருப்பு அமைத்தார். அது காலெட்பேட்டை. நம் வாயில் புகுந்து காலடிப்பேட்டை ஆனது. பஸ்ஸில் எத்தனை முறை அந்த ஸ்டாப்பில் இறங்கியிருப்போம், பெயரில் ஒரு வெள்ளைக்கார கவர்னர் ஒளிந்திருப்பது தெரியாமலேயே!

சோழமண்டலக் கரையிலிருந்து போன சித்திரத் துணி சாதாரணமானது அல்ல. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். படிகாரம் தொட்டு எழுதிய இடத்தில் சாயவேரின் சிவப்பு பிடித்துக்கொள்ளும். நீலம் ஏறக்கூடாத இடத்துக்கு மெழுகு பூசுவார்கள். எத்தனை முறை துவைத்தாலும் நிறம் போகாது. ஐரோப்பாவில் இதைக் கட்டில் விரிப்பாகப் போட்டார்கள். 'பலம்போர்' என்று அவர்கள் சொன்ன விரிப்பின் பெயரே கட்டில் விரிப்பு என்று பொருள்படும் 'பலங்போஷ்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்து மெத்தைப் போர்வையாகவும் ஆக்கினார்கள். அங்கே நெசவுத் தொழிலே ஆட்டம் கண்டது. பிரான்ஸ் 1686-இலும், இங்கிலாந்து 1700-இலும் பிறகு 1721-இலும் இந்தத் துணிகளுக்குத் தடைச் சட்டம் போட்டன. கரையோரக் கைவேலைக்குப் பயந்து சட்டம் போட்டார்கள் என்றால் பாருங்கள்.

இந்தத் துணி மூட்டைகளைக் கப்பலுக்குக் கொண்டுபோனது மசூலா படகு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் எழும்பும் வரை அலையைத் தாண்ட அதை விட்டால் வழியில்லை. அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையின் அறையில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். தையல் என்பது இந்தக் கரைக்கு அவ்வளவு பழைய வித்தை.

லைன் வீட்டுத் தையல்

அப்படி உலகத்துக்கே கட்டில் விரிப்பு அனுப்பிய கரையில், எங்கள் வீடுகளில் கட்டில் இல்லை. பாய்தான். பாயின் மேல் பிள்ளைக்கு ஒரு விரிப்பு. பழம்புடவையை நாலாய் மடித்து, ஓரம் முதல் ஓரம் வரை ஓட்டுத் தையல் போடுவார்கள். நடுவில் கிழிந்த இடத்தில் வேறு துண்டு ஒட்டும். மாமா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலை. அவருடைய பழைய காக்கித் துணியும் அதில் சேரும். 1996-இல் அந்த மில் மூடப்பட்டபோது எனக்கு முதலில் கண்ணுக்கு வந்தது அந்தக் காக்கித் துண்டுதான்.

மத்தியானம் பாத்திரம் கழுவிய பிறகு, குழாயடித் திண்ணையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கமாகத் தைப்பார்கள். ஊர்க்கதை ஓடும், ஊசியும் ஓடும். சங்கம் என்று பெயர் கிடையாது, ரசீது புத்தகம் கிடையாது. ஆனால் ஒரு கட்டாயம் உண்டு. துணியைக் கொதிக்க வைத்துத் துவைத்து வெயிலில் காய வைக்காமல் அம்மா ஊசியைத் தொடவே விட மாட்டார். "பச்சப் புள்ள மேல படுறதுடீ" என்பார். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழியை நாங்கள் படித்தது பாடப் புத்தகத்தில் அல்ல.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை வள்ளல் என்கிறோம். மயில் போர்த்துக்கொள்ளுமா என்று கேட்டுப் பேராசிரியரிடம் திட்டு வாங்கியவன் நான். இப்போது தோன்றுகிறது. பேகன் கொடுத்தது வீட்டில் மிஞ்சிய துணியை அல்ல, தன் மேல் இருந்ததை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

வெளிநாட்டுச் சங்கங்கள்

நம் பெண்கள் பெயர் வைக்காமல் செய்ததை வெளிநாடுகளில் சங்கமாகவே செய்கிறார்கள். இந்த ஒட்டுப்போர்வையை 'குவில்ட்' என்கிறார்கள். மேலே துண்டுகள் ஒட்டிய துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் பிடித்து நிறுத்தும் தையல். ஊருக்கு ஊர் குவில்ட் சங்கங்கள் உண்டு. மாதம் ஒருமுறை கூடி, ஆளுக்கொரு சதுரம் தைத்து, சேர்த்து ஒரே போர்வையாக்கி, ஆஸ்பத்திரிக்கோ அநாதை இல்லத்துக்கோ தீயில் வீடிழந்தவருக்கோ கொடுப்பார்கள்.

இதில் என்னை மிகவும் உலுக்கியது நம் தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் நடந்தது. 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது பெண்களையும் குழந்தைகளையும் சாங்கி சிறையில் அடைத்தார்கள். ஆண்களைத் தனியே பிரித்து வைத்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்றே ஒருவருக்கொருவர் தெரியாது. எதெல் மல்வேனி என்ற கனடா நாட்டுப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு சதுரத் துணியில் எம்பிராய்டரி போட்டுப் பெயரையும் தைத்துப் போர்வையாக்கி, காயம்பட்டவர்களுக்கு என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். பிரிட்டிஷாருக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கும் ஒன்று! எதிரிக்கும் ஒரு போர்வை சேர்த்ததால்தான் காவல் தாண்டிப் போயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சதுரத்தில் மனைவியின் பெயரைப் பார்த்தவனுக்கு அது போர்வையா? கடிதம் அல்லவா!

அமெரிக்காவில் 1995-இல் தொடங்கிய 'புராஜெக்ட் லைனஸ்' என்ற அமைப்பு, நோயிலும் துன்பத்திலும் இருக்கும் குழந்தைகளுக்குப் போர்வை கொடுக்கிறது. அதன் விதி எளிமையானது. போர்வை புதிதாக இருக்க வேண்டும், கையால் செய்ததாக இருக்க வேண்டும், துவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். படித்தவுடன் சிரித்துவிட்டேன். என் அம்மா போட்ட சட்டம்தானே இது!

நம் பக்கத்து முயற்சிகள்

நம் நாட்டிலும் சும்மா இருக்கவில்லை. 1999-இல் அன்ஷு குப்தா டில்லியில் தொடங்கிய 'கூஞ்ச்', சுனாமிக்குப் பிறகு தமிழகத்தில் யாரும் எடுக்காமல் கிடந்த துணிக் குவியல்களைப் பிரித்துப் பயனுள்ளதாக்கும் வேலையில் இறங்கியது. பழந்துணியை அடுக்கித் தைத்த 'சுஜனி' விரிப்புகளும் அவர்கள் செய்பவற்றில் உண்டு. இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். கிராமத்தார் தங்கள் ஊர்க் கிணற்றைத் தூர் வாருவார்கள், பாதை போடுவார்கள். அந்த உழைப்புக்குப் பரிசாகத் துணி. வாங்குகிறவர் தலை குனிய வேண்டியதில்லை. 2015-இல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்தும் 'உபாசனா' நிறுவனம், சுனாமியில் பாதிக்கப்பட்ட மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தது. 'சுனாமிகா' என்று பெயர். அதை விற்பதில்லை, கொடுப்பதுதான். விரும்புகிறவர்கள் நன்கொடை தரலாம். நிவாரணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் உலகத்துக்குப் பரிசு கொடுக்கிறவர்கள் ஆனார்கள்.

என் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. துணி பழசா புதுசா என்பது அல்ல விஷயம். கொடுக்கிறவர் அதன் மேல் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பதுதான். நாங்கள் வேனில் கொண்டுபோன மூட்டை, எங்கள் பீரோவைக் காலி செய்தது. அந்த அம்மாவின் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தது.

நாம் என்ன செய்யலாம்?

"சென்னை வெயிலுக்குப் போர்வையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வடிந்த பிறகு தெருவில் முதலில் வந்து விழுவது எது? பாய், தலையணை, மெத்தை. துவைத்தாலும் தேறாது. ஈரச் சிமெண்டுத் தரையில் பிள்ளையைப் படுக்க வைக்க ஒன்றும் இருக்காது. அந்த ராத்திரிக்குத்தான் விரிப்பு.

பஞ்சு வேண்டாம், காய நாளாகும். நடுவில் துவைத்த பழைய பருத்திப் புடவை போதும். மேலே போடத் துண்டுகளுக்கா பஞ்சம்? பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடும் அதைச் சுற்றிய தையல் கடைகளும் இருக்கும் ஊரில்! அங்கே மிஞ்சும் கட் பீஸ் இன்று மெக்கானிக் ஷெட்டில் கிரீஸ் துடைக்கப் போகிறது.

கணக்கு சொல்கிறேன். ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம். அகலத்துக்கு நான்கு, நீளத்துக்கு ஆறு, மொத்தம் 24 சதுரம். நாலடிக்கு ஆறடி விரிப்பு தயார். 48 பேர் உள்ள ஒரு வகுப்பு ஆளுக்கு ஒரு சதுரம் தைத்தால் இரண்டு விரிப்பு. ஆண் பிள்ளைகளும்தான் தம்பிகளா, தப்பிக்க வேண்டாம்! கப்பல் பாய் தைத்ததும், மசூலா படகு தைத்ததும், இன்று காசிமேட்டில் வலை பின்னுவதும் ஆண்கள்தான். சேர்த்துத் தைக்க நம் முன்னாள் மாணவிகள் வழிகாட்டுவார்கள். மழைக்காலத்துக்கு முன்பே தைத்து மடித்துக் கல்லூரியில் வைத்துவிட்டால், வெள்ளம் வந்த பிறகு பீரோவைக் குடைய வேண்டியதில்லை.

இந்தச் சங்கமத்துக்கு வரும்போது நானும் ஒரு சதுரம் கொண்டு வருகிறேன். அம்மா தைத்த விரிப்பு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. இற்றுப்போய்விட்டது. ஆனால் அந்தக் காக்கித் துண்டு மட்டும் கெட்டியாக இருக்கிறது. அதை வெட்டி எடுத்து என் சதுரத்தின் நடுவில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். விரலில் ஊசி குத்திய இடங்கள் ஏழு. என் தையல் கோணல்தான், சிரிக்க வேண்டாம்.

காசிமேட்டு அம்மா இன்று இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. இருந்து, ஒரு மழை ராத்திரி அந்த விரிப்பு அவர் கைக்குப் போனால், விரித்துப் பார்ப்பார். இந்த முறை திருப்பிக் கொடுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.