நிபந்தனைச் சரணடைவு

கோட்டையையோ நகரையோ படையையோ எதிரியிடம் ஒப்படைக்கும்போது, எந்தெந்த நிபந்தனையின்பேரில் ஒப்படைக்கிறோம் என்று இரு தரப்புத் தளபதிகளும் எழுதிக் கையெழுத்திடும் உடன்படிக்கை. ஐரோப்பிய அரசியல் வழக்கில் இதற்குக் ‘கபிட்டுலேஷன்’ என்று பெயர். ‘சிறு தலைப்பு’ என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஷரத்து ஷரத்தாகப் பிரித்து எழுதப்படுவதால் இப்பெயர். காவற்படை எப்படி வெளியேறும், யார் கைதி, தனியார் சொத்தும் வழிபாடும் என்னவாகும் என்பவை வழக்கமான ஷரத்துகள்.

தமிழ் மரபில் முற்றுகைக்கு உழிஞை, கோட்டைக் காவலுக்கு நொச்சி என்று தனித் திணைகளே உண்டு. ஆனால் அங்கே தோற்றவன் திறை கட்டுவான், அடிபணிவான். பேரம் பேசி எழுதி வாங்குவதில்லை. அந்த வழக்கம் சோழமண்டலக் கரைக்கு ஐரோப்பியக் கோட்டைகளோடு வந்து சேர்ந்தது.

நிபந்தனை இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டைப் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி கண்ட இரண்டு வீழ்ச்சிகள் காட்டுகின்றன. 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி கேட்ட எந்த நிபந்தனைக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட் இணங்கவில்லை. பட்டினியால் நொடித்துப்போன காவற்படை கைதியானது. பிறகு நகரமே இடித்துத் தள்ளப்பட்டது. 1778 அக்டோபரில் பிரெஞ்சு ஆளுநர் பெல்கோம்ப் இரண்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்த பின் நிபந்தனையோடு சரணடைந்தார். அவருடைய வீரர்கள் போர் மரியாதைகளுடன் வெளியேறினார்கள். முரசு முழங்க, கொடி பறக்க வாயிலைக் கடப்பதுதான் அந்த மரியாதை.

இந்த உடன்படிக்கை ஊரின் பிடியை மாற்றுமே தவிர, அதன் மீதான இறையாண்மையை மாற்றாது என்பதே இதில் முக்கியமான சட்ட நுட்பம். நிலத்தை அனுபோகத்தில் வைத்திருப்பவர் கையில் பட்டா இருக்க வேண்டும் என்பதில்லை, அதுபோல. கோட்டைத் தளபதிக்குக் கோட்டையைத் திறந்துவிட அதிகாரம் உண்டு. தன் அரசனின் நிலத்தை எழுதிக்கொடுக்க அதிகாரம் இல்லை. அதற்குச் சமாதான ஒப்பந்தம் வேண்டும். டச்சுக்காரர்களின் நாகப்பட்டினம் 1781 நவம்பரில் சரணடைந்தது. அது சட்டப்படி ஆங்கிலேயருக்குச் சேர்ந்தது 1784 பாரிஸ் ஒப்பந்தத்தால்தான்.

இதைத் தரங்கம்பாடியைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் இந்தக் கரையில் இல்லை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்தியானுடன் செய்த ஒப்பந்தத்தால் அது டேனியர் துறைமுகமானது. டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. ஐரோப்பிய வல்லரசுகள் மோதிக்கொண்டபோதெல்லாம் நடுநிலைக் கொடியின் கீழ் வணிகம் செய்து செழித்த ஊர் அது. அந்த நடுநிலையே பின்னர் வினையாயிற்று. நடுநிலை நாடுகள் தம் வணிகக் கப்பல்களைக் காக்க அமைத்த ஆயுத நடுநிலைக் கூட்டணியில் டென்மார்க் சேர்ந்ததால், 1801 ஏப்ரல் 2 அன்று ஆங்கிலேயருடன் கோபன்ஹேகன் கடற்போர் மூண்டது. அந்தச் செய்தி கப்பலில் இங்கே வந்து சேரும் முன்பே, மே மாதத்தில், ஆங்கிலப் படை தரங்கம்பாடியைக் கைப்பற்றிவிட்டது. அப்போது ஆளுநராக இருந்தவர் பீட்டர் ஆங்கர். மறு ஆண்டே ஊர் திரும்பக் கொடுக்கப்பட்டது.

1807 செப்டம்பரில் ஆங்கிலேயர் கோபன்ஹேகன் மீது குண்டுமாரி பொழிந்தார்கள். அந்நகரமும் நிபந்தனைச் சரணடைவில்தான் முடிந்தது. 1808 பிப்ரவரியில் தரங்கம்பாடி மறுபடி கைமாறியது. இம்முறை பிடி ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. வணிகம் பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஆனாலும் ஊர் சட்டப்படி டென்மார்க்குடையதாகவே இருந்தது. 1814 ஜனவரியில் கையெழுத்தான கீல் ஒப்பந்தத்தின்படி வடகடல் தீவான ஹெலிகோலாந்தை இங்கிலாந்து தனக்கே வைத்துக்கொண்டது, தரங்கம்பாடியை 1815இல் திருப்பித் தந்தது. இரண்டும் ஒரே போரில் பிடிபட்டவை. ஒன்றைத் தக்கவைத்ததும் மற்றதை மீட்டதும் இந்தச் சமாதான ஒப்பந்தமே. 1792இல் புதுப்பித்துக் கட்டிய தரங்கம்பாடி நகர வாயில் வழியாகத்தான் இன்றும் கிங் தெருவுக்குள் நுழைகிறோம். 1801, 1808 ஆகிய இரண்டு கைமாற்றங்களையும் பார்த்த வாயில் அது.

‘கபிட்டுலேஷன்’ என்ற சொல்லுக்கு வேறு இரு பொருள்களும் உண்டு. உதுமானியப் பேரரசு தன் மண்ணில் வணிகம் செய்த ஐரோப்பியருக்குத் தந்த சலுகைப் பத்திரங்களும் இப்பெயரால் அழைக்கப்பட்டன. துருக்கியில் அவை 1923 லோசான் ஒப்பந்தத்தோடு ஒழிந்தன. மன்னன் முடிசூடும் முன் பிரபுக்களுக்கு எழுதிக்கொடுத்த உறுதிப் பத்திரம் மற்றொன்று. தரங்கம்பாடியைப் பெற்ற நான்காம் கிறிஸ்தியானும் 1596இல் அப்படியொரு பத்திரத்துக்குக் கட்டுப்பட்டே முடிசூடினான்.

1899, 1907 ஆண்டுகளின் ஹேக் போர் விதிகளில் 35ஆம் விதி நிபந்தனைச் சரணடைவைப் பற்றியது. சரணடைவு நிபந்தனைகள் இராணுவ மரியாதைக்கு இசைய இருக்க வேண்டும், முடிவான பின் இரு தரப்பும் அவற்றைத் தவறாமல் காக்க வேண்டும் என்கிறது அது.

தரங்கம்பாடியில் 1845இல் நடந்ததைச் சிலர் சரணடைவு என்று எழுதுவது தவறு. அந்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி தரங்கம்பாடியும் வங்கத்துச் செராம்பூரும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. நவம்பரில் தரங்கம்பாடியில் டேனியக் கொடி இறங்கியது. போரில்லை, முற்றுகையில்லை, இறையாண்மையே விலைக்குப் போனது. ஆனால் ஷரத்து எழுதும் பழக்கம் இங்கும் தொடர்ந்தது. செராம்பூர் கல்லூரிக்கு டேனிய அரசன் 1827இல் வழங்கிய சாசனத்தின் பட்டமளிப்பு உள்ளிட்ட உரிமைகளில் கைவைக்கக் கூடாது என்று விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. அந்தச் சாசனத்தின் பலத்தில்தான் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி மாணவர்கள் செராம்பூர் பட்டம் பெறுகிறார்கள்.