643217: கோத்தகிரியின் அஞ்சல் எண்ணும் நான்காம் அடுக்குகளும்

கோத்தகிரியில் கடைப் பலகைகளிலும் தேயிலைத் தொழிற்சாலை முகவரிகளிலும் அன்றாடம் கண்ணில் படும் எண் 643217. 13-இன் நான்காம் அடுக்கு 28561. 28-இன் நான்காம் அடுக்கு 614656. இரண்டையும் கூட்டினால் இந்த அஞ்சல் எண் வருகிறது.

1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமான குறியீட்டு முறைப்படி 643 நீலகிரிப் பகுதியைச் சுட்டும். 217 அஞ்சலகத்தைச் சுட்டும். ஆகவே இந்த எண் இவ்வூருக்கு வாய்த்தது தற்செயல்தான். ஆனால் வாய்த்த பின் அதன் பண்புகளில் தற்செயலுக்கு இடமில்லை என்பதே என் வாதம்.

முதலில் அதன் அருமை. 643000 முதல் 643999 வரையுள்ள ஆயிரம் எண்களில் இரு நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகை இது ஒன்றே. 29-இன் நான்காம் அடுக்கு 707281. அது எல்லையைத் தாண்டிவிடுகிறது. 23-இன் அடுக்கை இருமுறை கூட்டினாலும் 559682தான். எனவே பெரிய உறுப்பு 24 முதல் 28 வரையுள்ள ஐந்தில் ஒன்றாக வேண்டும். ஐந்தையும் கழித்துப் பார்த்தால் 28 மட்டுமே தேறுகிறது.

அடுத்து, 643217 பகா எண். இதை நிறுவ 802 வரையுள்ள 139 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 13-க்கும் 28-க்கும் பொதுக் காரணி கிடையாது. அத்தகைய இரு எண்களுடைய நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையை வகுக்கும் ஒற்றைப்படைப் பகா எண் எதுவாயினும், 8-ஆல் வகுக்கும்போது 1 மீதி தரும். 17, 41, 73 என்று தொடங்கும் அந்த வரிசையில் 802-க்குள் இருப்பவை 30 மட்டுமே. அவற்றில் ஒன்றும் 643217-ஐ மீதியின்றி வகுப்பதில்லை. காகிதமும் பேனாவும் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற கணக்கு. பள்ளி மாணவர்கள் இதைக் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பகா எண் என்பதால் ஓர் இழப்பும் உண்டு. இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண்ணான 1729 பற்றிக் கணிதவியலாளர்கள் ஹார்டியும் இராமானுஜனும் நடத்திய புகழ்பெற்ற உரையாடலின்போது, நான்காம் அடுக்குகளுக்கும் அப்படி ஓர் எண் உண்டா என்று ஹார்டி கேட்டார். உடனே எடுத்துக்காட்டு எதுவும் தோன்றவில்லை என்றும், முதல் எண்ணே மிகப் பெரியதாக இருக்கும் என்றும் இராமானுஜன் சொன்னார். ஆய்லர் கண்டறிந்த 635318657 தான் அந்த எண். 59, 158 ஆகியவற்றின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினாலும், 133, 134 ஆகியவற்றின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினாலும் அதுவே வரும்.

கோத்தகிரி எண்ணுக்கு அந்த இரட்டை வடிவம் ஒருநாளும் அமையாது. நான்காம் அடுக்கு எதுவும் வர்க்கத்தின் வர்க்கமே. ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரே வழியில்தான் எழுத முடியும். இங்கே அது 169, 784 ஆகியவற்றின் வர்க்கங்கள். ஆய்லரின் எண் பகு எண்ணாக இருந்தே தீர வேண்டியதும் இதனால்தான். அதன் காரணிகள் 41, 113, 241, 569. நான்குமே 8-ஆல் வகுத்தால் 1 மீதி தருபவை.