மானிப்பாய் அச்சகமும் செய்தியோடையும்

அமெரிக்க மிசனுக்காக 1820இல் யாழ்ப்பாணம் வந்த அச்சாளர் ஜேம்ஸ் காரெட் இலங்கையில் தங்குவதற்கு ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் இசையாமையால், அச்சுப்பொறி நல்லூரிலிருந்த சேர்ச் மிசனிடம் போய், 1834இலேயே மீண்டு மானிப்பாயில் நிலைகொண்டது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய வரிகளாக அடுக்கும் அச்சுக்கோப்பு முறையில், அமெரிக்க மிசனின் 'உதயதாரகை' 1841 ஜனவரி 7ஆம் திகதி, ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் தமிழரை ஆசிரியராகக் கொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் மாதமிருமுறை இதழாகப் பிறந்தது. மதம் பரப்பவே அமைந்த பொறி ஊர்ச்செய்தியையும் சுமந்தது, மிசனார் எண்ணியதைவிடப் பெரிய பயன் எனலாம். இன்றைய இணையத்தளங்களின் செய்தியோடை, அதாவது தலைப்பு, திகதி, இணைப்பு ஆகியவற்றை வாசகரின் மென்பொருள் தானே வந்து எடுத்துச்செல்லும்படி அடுக்கிவைக்கும் கோப்பு, பதினைந்து நாள் காத்திருப்பைச் சில நிமிடங்களாக்கியிருப்பினும், அதிலும் செய்தி பெரும்பாலும் திகதியோடுதான் ஏறுகிறது.