காய்ச்சலுக்குப் பெயர் வேண்டும்

காய்ச்சல் என்றதும் மலேரியாவை நினைத்து அஞ்சிய காலம் ஒன்று வடபுலத்தில் இருந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. ஆயினும் காய்ச்சல் நம்மை விட்டு அகலவில்லை. அதன் காரணத்தை அறிவதே கடினமாகியுள்ளது.

டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், சிக்குன்குன்யா ஆகியவை முதற் சில நாட்களில் ஏறத்தாழ ஒரே தோற்றம் காட்டுபவை. சிகிச்சையோ வேறுவேறு. எலிக்காய்ச்சலுக்குப் பென்சிலின் பயன்தரும். உண்ணிக்காய்ச்சலுக்கு அது பயன்தராது, டொக்சிசைக்கிளின் வேண்டும். டெங்குவுக்கு நீர்ச்சமநிலையைப் பேணுவதே முதன்மைச் சிகிச்சை. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சலால் உயிர்கள் பறிபோனபோது மக்கள் கலங்கினர். அது எலிக்காய்ச்சல் என்று ஆய்வுகூடம் உறுதிப்படுத்திய பின்னரே தடுப்பு நடவடிக்கைகள் திசை கண்டன.

வழமையான சோதனைகள், வைத்தியர் சந்தேகிக்கும் கிருமியை மட்டுமே தேடுகின்றன. மரபணு வரிசையறிதல் அவ்வாறன்று. மாதிரியிலுள்ள மரபணுத் துணுக்குகள் அனைத்தும் வாசிக்கப்பட்டு, மனிதருக்குரியவை நீக்கப்பட்டு, எஞ்சியவை அறியப்பட்ட கிருமிகளின் தரவுகளோடு ஒப்பிடப்படுகின்றன. இதனால் எவரும் சந்தேகிக்காத கிருமியும் வெளிப்படலாம். பங்களாதேஷின் டாக்காவில், காரணம் அறியப்படாத மூளையுறை அழற்சியுற்ற சிறுவர்களின் முள்ளந்தண்டுப் பாய்மத்தை இம்முறையில் ஆராய்ந்தபோது, சிலரிடம் சிக்குன்குன்யா வைரஸ் காணப்பட்டது. 2017 இல் அந்நகரில் பரவிய அந்நோய் சிறுவரின் நரம்பு மண்டலத்தையும் தாக்கியமை அதன் பின்னரே தெரியவந்தது. நம் நாட்டிலும் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெங்கு வைரஸின் மரபணு மாற்றங்களை இவ்வழியில் கண்காணித்து வருகின்றனர்.

எனினும் இதை மந்திரக்கோலாகக் கருதலாகாது. செலவு அதிகம், முடிவு வர நாட்கள் செல்லும். எலிக்காய்ச்சல் கிருமி முதல் வாரத்தின் பின் குருதியில் அருகிவிடுவதால், 'இல்லை' என்ற முடிவு நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. ஆகவே சிகிச்சையை இம்முடிவுக்காகத் தாமதிக்கலாகாது.

இந்நிலையில் நயினாதீவு போன்ற இடங்களை எண்ணிப்பார்க்க வேண்டும். நாகபூஷணி அம்மன் ஆலயத்துக்கும் நாகவிகாரைக்கும் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் யாத்திரிகர்கள் வருகின்றனர். அவர்களோடு நோயும் வரக்கூடும். தீவில் எடுக்கப்படும் குருதியோ குறிகட்டுவானுக்குக் கடல் கடந்து, அங்கிருந்து தரைவழியே யாழ்ப்பாணம் சேர வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. குளிரூட்டப்படாத மாதிரியின் மரபணுப்பொருள் சிதைந்தால், எத்தகைய விலையுயர்ந்த இயந்திரமும் பயன்படாது.

எனவே தீவக வைத்தியசாலைகளில் நுண்ணுயிர்கொல்லி வழங்குமுன் குருதி மாதிரி பெற்றுக் குளிரில் பாதுகாக்கும் ஒழுங்கும், அதனைத் தடையின்றிக் கரைசேர்க்கும் ஏற்பாடும் முதலில் வேண்டும். யாழ்ப்பாணத்திலேயே வரிசையறியும் வசதியைப் பேணிவளர்ப்பது சுகாதார அமைச்சினதும் பல்கலைக்கழகத்தினதும் கூட்டுப் பொறுப்பாகும். பொதுமக்களும் வயலில், வெள்ளநீரில், பற்றைக்காட்டில் நின்றதையும் அண்மைய பயணங்களையும் வைத்தியரிடம் மறைக்காது கூற வேண்டும். வெளிநாடு சென்று திரும்பியோர் மலேரியாச் சோதனையையும் தவிர்க்கலாகாது.

'வைரஸ் காய்ச்சல்' என்று பொதுவாக எழுதி அனுப்பும் பழக்கம் எவரையும் காப்பதில்லை. நோயின் பெயர் தெரிந்தால்தான் மருந்தும் தடுப்பும் உரிய இடத்தைச் சேரும். அந்த அறிவு தலைநகரத்தவருக்கு மட்டுமன்றி, கடல் சூழ்ந்த தீவின் ஏழைக் கடற்றொழிலாளிக்கும் உரியதாகும்.